வில்லுக்கு ஓரி... சொல்லுக்கு யாரு?

காரவள்ளியில் பஸ் முதல் கியருக்கு மாறுகிறது. அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், 'இன்னும் எத்தனை பாக்கி' என்று வயிறு கணக்குப் போட வசதியாக! 40-க்கு மேல் கையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பவர்தான் பஸ்ஸிலேயே பணக்காரர்.

கொல்லிமலையின் முதல் நிருபர் என்று வன்பரணரைத்தான் சொல்ல வேண்டும். புறநானூற்றுப் புலவர். வேடன் ஒருவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று வரிசையாக ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய் நிற்கிறது. ஸ்பாட் ரிப்போர்ட்! வேடன் சாட்சாத் வல்வில் ஓரி. மான் கறி, மது, பொன், மணி என்று அள்ளிக் கொடுத்தானாம். இந்தக் காலமாக இருந்தால் 'கவர் வாங்கினார்' என்று புலவர் மேல் புகார் கிளம்பியிருக்கும். செம்மேட்டில் இன்று கம்பீரமாகச் சிலை நிற்பது ஓரிக்கு. எழுதினவருக்கு யார் சார் சிலை வைக்கிறார்கள்?

அதற்குப் பிறகும் பெரும்பாலும் வந்து போனவர்கள்தான் எழுதினார்கள். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், சித்தர் குகை, மிளகு... அவ்வளவுதான் கொல்லிமலை. இங்கேயே குடியிருப்பவன் எழுதினால்?

சோளக்காட்டு டீக்கடையில் அப்படி ஒரு பையன் கிடைத்தான். மலையாளி. உடனே கேரளாவுக்குப் போய்விடாதீர்கள்! இங்குள்ள பழங்குடியினரின் பெயர் அது. பேசுவது தமிழ். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இதழியல் படிக்கிறான். 1997-ல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். காலேஜ் வாசலை மிதிக்காமலே 1925-ல் 'குடி அரசு' பத்திரிகை தொடங்கியவரின் பெயரில் இருக்கிற இடத்தில் ஜர்னலிசம் சொல்லித் தருவது பொருத்தம்தானே?

"எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் சேரலாங்கண்ணா."

"பி.காம்.கூடவா?"

"தாராளமா!"

முப்பதைத் தாண்டியவனுக்கு இதையெல்லாம் லேட்டாகத்தான் சொல்கிறார்கள்.

முதல் பயிற்சியாகச் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். பையன் அருவியை ஒன்றரைப் பக்கம் வெளுத்து வாங்கியிருக்கிறான். படித்துவிட்டு வாத்தியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க பாட்டி கடைசியா எப்பப்பா அந்த அருவிக்குப் போனாங்க?"

பாட்டி போனதே இல்லை!

லீவுக்கு வந்தவன் நோட்டோடு ஆயா பக்கத்தில் உட்கார்ந்தான். கொட்டோ கொட்டென்று கொட்டியது கதை. ஒரு காலத்தில் சரிவெல்லாம் சாமை, தினை, கேழ்வரகு. அப்பா தலையெடுத்ததும் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில் ஏற்றினால் கையில் ரொக்கம். சாமையை அரிசியாக்க வேண்டுமென்றால் உரலில் போட்டுக் குத்த வேண்டும். குத்துவது யார்? ஆயாவும் அம்மாவும்.

"சாமை போச்சேன்னு ஆம்பளைங்க வருத்தப்படறாங்க. எனக்குத் தோள் வலி போச்சு" என்று ஆயா சொன்னதை அப்படியே எழுதிவிட்டான். எந்த டூரிஸ்ட் கட்டுரையில் சார் இது வந்திருக்கிறது? சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியம் உடைக்கும் மெஷின்களைக் கொண்டு வந்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. சென்னையில் சாமை இப்போது பளபள பாக்கெட்டில் 'டயட்'! ஆயாவின் தோளைப் பற்றி பாக்கெட்டில் ஒன்றும் போட்டிருக்காது.

"படிச்சு முடிச்சு?"

"அப்பாவும் அதேதாங்கண்ணா கேக்கறார். கவர்ன்மென்ட் வேலை கிடைக்குமாங்கறார். மொதல்ல சென்னையில ஏதாவது சேனல்ல..."

"அப்ப மலையைப் பத்தி யார் எழுதறது?"

பையன் கிளாஸைக் கீழே வைத்தான். "வயித்துக்கு வேணுமில்லீங்களா? லீவுல வந்து எழுதறேன்."

நியாயம்தான். மலைக்கு வந்துபோகிறவன், மலையிலேயே இருக்கச் சொல்லி அவனுக்கு அட்வைஸ் பண்ண முடியுமா? ஆனாலும் லீவில் எழுதுகிற கதையா அது என்று மனசு கேட்கவில்லை.

பஸ் வர நேரமிருந்தது. பையன் நோட்டை எடுத்தான். எப்போ வந்தீங்க, ஏன் வந்தீங்க, எங்கே தங்கினீங்க... பாடம் சுத்தமாக மனப்பாடம்! கடைசியாக, "இந்த மாதிரி ஒரு கட்டுரைக்கு எவ்வளவுங்கண்ணா தருவாங்க?"

சொன்னேன். எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டான்.

"வன்பரணருக்கு இதைவிட ஜாஸ்திங்களே?"