பாஸ்வேர்டு சரி, அட்ரஸ்தான் தப்பு!

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குக் காவடி கிளம்புகிற படங்களை இரவு எட்டு மணிக்குள் ஆபீஸ் சர்வரில் ஏற்ற வேண்டும். லேப்டாப்பைத் திறந்தால், பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே இணைப்பு அறுந்தது. நாலு தடவை.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு போன் போட்டேன். "பாஸ்வேர்டு சரிதாம்மா. நீ வர்ற அட்ரஸ் லிஸ்ட்ல இல்ல" என்றார்.

எங்களுடையது பழைய யுனிக்ஸ் வகை சர்வர். அதில் 'ஹோஸ்ட்ஸ் டாட் அலோ', 'ஹோஸ்ட்ஸ் டாட் டினை' என்று இரண்டு குட்டி ஃபைல்கள். வருகிறவரின் ஐபி அட்ரஸ் அலோவில் இருந்தால் உள்ளே விடும். இல்லையென்றால் டினையைப் பார்க்கும். அதில் இருந்தால் வெளியே. இரண்டிலுமே இல்லாவிட்டால்? உள்ளே விட்டுவிடும்! அதனால்தான் அண்ணன் டினையில் 'ஆல்: ஆல்' என்று ஒரே வரி போட்டு எல்லோரையும் தடுத்துவிட்டு, அலோவில் ஆபீஸ் அட்ரஸை மட்டும் எழுதியிருக்கிறார்.

இதன் பெயர் டிசிபி ராப்பர். 1990-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களில் யாரோ புகுந்து ஃபைல்களை அழித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் எங்கிருந்து வருகிறார் என்று குறித்துவைக்கத்தான் வீட்சே வெனிமா இதை எழுதினார். தடுக்கும் வேலை பிறகு சேர்ந்தது. புது சர்வர்களில் இந்தக் காவலைப் பெரும்பாலும் ஃபயர்வால் பார்க்கிறது.

"என் மொபைல் அட்ரஸைச் சேர்த்துடுங்களேன்ணா."

"ஒரே அட்ரஸை மொபைல் கம்பெனி எத்தனையோ பேருக்குப் பங்கு போட்டுத் தருது. கொஞ்ச நேரத்துல உனக்கே வேற மாறிடும்."

எங்கள் ஊரில் சில சமயம் போனே ஆந்திரா டவரைப் பிடித்துக்கொள்ளும். அட்ரஸ் எங்கே நிலையாக இருக்கப்போகிறது?

"அப்போ பத்து நிமிஷம் எல்லாருக்கும் திறந்து விடுங்க!" கோபத்தில் கேட்டுவிட்டேன். பதிலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அன்று கதவைத் தட்டித் திரும்பியவர்களின் பட்டியல். வரிவரியாக வெறும் எண்கள், எல்லாமே மறுக்கப்பட்டவை. அதில் நாலு வரி நான். எந்த நாலு என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குமேல் பேசவில்லை. படங்களை மெயிலில் அனுப்பினேன். அவர் ஆபீஸிலிருந்து ஏற்றினார். ஏழு ஐம்பதுக்கு வெளியானது. ஊர்ப் பெயர் மட்டும் 'போதட்டூர்பேட்டை' என்று வந்துவிட்டது. அதைத் திருத்தவும் என்னால் உள்ளே போக முடியவில்லை.