கடலுக்குள் ஒரு நடவு

திருவையாற்றுப் பக்கம் போனால், நாற்றுமுடியைப் பிரித்துப் பெண்கள் சேற்றில் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள்ளும் அப்படி ஒரு நடவு நடக்கிறது என்றால் நம்புவீர்களா? அதற்குத் தெற்கே தூத்துக்குடி வரை பிரயாணம் செய்ய வேண்டும்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அலையைத் தடுத்து அவற்றைக் காப்பவை பவளப் பாறைகள். (உங்கள் பவள மாலையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அந்தச் சிவப்புப் பவளம் வேறு ரகம்!) சுண்ணாம்புக்காக இவற்றை வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் நீருக்குள்ளேயே மூழ்கிவிட்டன.

2002-ல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நடவை ஆரம்பித்தார்கள். உயிருள்ள பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டு ஒன்று. அதைச் சிமெண்டுப் பலகையில் கட்டி, கடலில் முங்கி அடியில் வைக்கிறார்கள். துண்டு துளியும் ஆடக் கூடாது. ஆடினால் மேல் சதை உரசித் தேய்ந்துவிடும். அசையாதிருந்தால், பவளப் பூச்சிகள் தாமே சுண்ணாம்பைச் சுரந்து பலகையைப் பற்றிக்கொள்கின்றன. கட்டிய கயிறுகூட உள்ளே மறைந்துவிடுகிறது! வேகமாக வளரும் ரகமே வருஷத்துக்குச் சில அங்குலம்தான்.

வெளிநாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலேயே, பசை வைத்துப் பாறையில் ஒட்டி இதை வளர்க்கிறார்கள். நமக்கும் ஆசை வரும். ஆனால் 2001 முதல், புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு இந்தப் பவளத்துக்கும் உண்டு. யாராவது விற்றாலும் வாங்கிவிடாதீர்கள்.

2016 கோடையில் கடல் சூடேறியது. பவளங்கள் வெளுத்தன; ஏராளமானவை மடிந்தன. முங்கியவர்கள் மறுபடியும் பலகையோடு முங்கினார்கள்.