பாட்டியின் படமும் மூன்று கணினிகளும்

ஓலைச்சுவடியைப் படியெடுத்துக் காத்த மரபில் வந்தவர் நாம். ஏடு செல்லரிக்கும் முன்னரே அதனை வேறோர் ஏட்டில் எழுதி வைத்தனர் முன்னோர். எழுதுவோர் கை தவறுவதும் உண்டு. தமக்குச் சரியென்று பட்ட சொல்லை இடையே புகுத்திவிடுவதும் உண்டு. அவ்வாறு பிறந்தவையே பாடபேதங்கள். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடித் திரட்டி, வரிக்கு வரி ஒப்புநோக்க நேர்ந்ததன் காரணமும் இதுவே. வகுப்பறையில் இதனைக் கேட்டபொழுது, இச்சிக்கல் எங்கள் வீட்டுக் கூடத்திற்கே வந்து நிற்கும் என்று நான் எண்ணியதில்லை. வந்து நின்றது, ஓலை வடிவில் அன்று, புகைப்பட வடிவில்.

எங்கள் வீடு மைசூரைச் சேர்ந்த ராமாபுரத்தில் உள்ளது. அக்கம்பக்கத்துக் கன்னடத்தார் ராமாபுர என்று நிறுத்திக்கொள்வர். நாங்கள் ஒரு மகரத்தைச் சேர்த்துக்கொள்வோம். கூடத்தில் அப்பாவின் கணினி இருக்கிறது. அக்காவிடம் ஒரு மடிக்கணினி. மைசூர் நகரில் வாழும் அத்தை வீட்டில் மூன்றாவது. இம்மூன்றிலும் இருக்க வேண்டியது ஒரே படத்தொகுதி. ஏறத்தாழ 21,000 படங்கள். அவற்றுள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவை பழைய ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்யப்பெற்றவை. எஞ்சியவை 2006-இல் அப்பா வாங்கிய டிஜிட்டல் காமிராவும் பின்னர் வந்த கைப்பேசிகளும் தந்தவை.

இத்தனை ஆயிரம் எப்படிச் சேர்ந்தன என்று வியப்பவர்க்கு ஒன்று சொல்லலாம். 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அப்படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே. அந்த வேகத்திலேயே உலகம் நின்றிருந்தால் எங்கள் வீட்டில் இப்பூசல் எழுந்திருக்காது. பிலிம் சுருளில் முப்பத்தாறு படமே உண்டு என்ற காலத்தில் மக்கள் எண்ணிப் பார்த்துப் படமெடுத்தனர். இன்று எடுத்த பின்னர் எண்ணிப் பார்ப்போரும் சிலரே.

தொடக்கத்தில் படங்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை எளியது. ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துணிப்பையிலிட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்வோம். அத்தை அதிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, தம்மிடம் உள்ளதைச் சேர்த்து அனுப்புவார். அப்பா ஆண்டு, திங்கள் என்று உறை உறையாக வைப்பவர்; அக்காவோ ஆட்பெயரால் வைப்பவள். ஆகவே ஒரே படம் ஒரு பெட்டியில் '2011 தசரா' என்றும், மற்றொன்றில் 'சித்தப்பா' என்றும் குடியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் எது மூலம், எது படி என்று எவர்க்கும் விளங்காத நிலை வந்துற்றது.

தேதியும் கைகொடுக்கவில்லை. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றின் உள்ளேயும் அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் பதிந்திருக்கும். காமிராவின் மின்கலம் தீர்ந்து கடிகாரம் தொடக்கத்திற்குத் திரும்பிவிட்டாலோ, அதன்பின் எடுத்த படமெல்லாம் பல்லாண்டு பின்னோக்கிப் போய்விடும். ஸ்கேன் செய்த படமோ, ஸ்கேன் செய்த நாளையே தன் பிறந்தநாளாகச் சொல்லும். இப்படித்தான் 1964-இல் நிகழ்ந்த பாட்டியின் திருமணம் எங்கள் கணினியில் 2012-இல் நடந்ததாயிற்று! வாட்ஸ்அப் வழி வந்த படங்களில் எடுத்த நாள் அழிந்தே போயிருந்தது, படமும் சுருங்கியிருந்தது.

அடுத்து, ஒரே டிஸ்க்கில் தொகுதியை வைத்து வீட்டுக்குள் இரு கணினியும் அதனையே திறப்பது என்று முடிவாயிற்று. கேட்பதற்கு இது மிக நேர்த்தியான வழி. ஆயினும் இதில் ஒரு கண்ணி உண்டு. படத்தொகுதி என்பது படங்கள் மட்டும் அன்று. எந்தப் படம் எந்த ஆல்பத்தில், எதற்கு என்ன பெயர், எது திருத்தப்பட்டது என்றெல்லாம் குறிக்கும் பேரேடு ஒன்று அதனுள்ளே இருக்கிறது. ஒரு கணக்கர் எழுதுவதற்கென்றே அமைந்த பேரேடு அது. இருவர் ஒரே வேளையில் எழுதப் புகுந்தால், ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் எழுதிப் பேரேடே கெட்டுவிடும். ஒருவர் மூடிய பின்னரே மற்றவர் திறக்க வேண்டும். அப்பாவுக்கும் அக்காவுக்கும் ஞாயிறு காலையில்தான் ஓய்வு. இருவருக்கும் அதே வேளையில்தான் படம் பார்க்கும் ஆவலும் எழும். எனவே அம்முறை ஒரு திங்கள்கூட நிலைக்கவில்லை.

இறுதியில் ஒத்திசைவு மென்பொருளுக்கு வந்தோம். ஒவ்வொரு கணினியிலும் முழுத் தொகுதி இருக்கும். ஒன்றில் நேரும் மாற்றத்தை மென்பொருளே மற்றவற்றிற்குக் கொண்டுசெல்லும். இதன் அடிப்படை அழகானது. 1996-இல் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மக்கெரஸும் ஆர்சிங்க் என்னும் நிரலை வெளியிட்டனர். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, இரு பக்கத்து எண்களையும் ஒப்பிட்டு, மாறுபட்ட துண்டை மட்டும் அனுப்புவது அதன் உத்தி. சுவடியை முழுதும் மீண்டும் எழுதாமல் பாடபேதமுள்ள வரியை மட்டும் கடிதத்தில் எழுதியனுப்புவது போன்றது என்று நான் அக்காவுக்கு விளக்கினேன். "உனக்கு எல்லாம் சுவடிதான்" என்று அவள் நகைத்தாள். முழுக் கோப்புக்கும் இத்தகைய அடையாள எண் ஒன்று உண்டு. பெயர் எதுவாயினும் படம் ஒன்றேயானால் எண்ணும் ஒன்றே. அதனைக் கொண்டு ஏறத்தாழ 4,000 இரட்டைப் படிகளைக் களைந்தோம்.

ஓர் ஆண்டு எல்லாம் இனிதே நடந்தது. பின்னர்ப் பாட்டியின் திதி நெருங்கிற்று.

பாட்டி 2019-இல் மறைந்தார். காமிராவைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வார்; முன்பற்கள் இரண்டு விழுந்திருந்தன. அதனால் அவர் படங்கள் யாவற்றிலும் சினந்திருப்பவர் போலவே தோன்றுவார். இயல்பில் அவர் அப்படிப்பட்டவர் அல்லர்; தெருவில் அவரை அஜ்ஜி என்றழைக்கும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தார். 2013-இல் கொல்லைப்புறத்தில் அக்கா எடுத்தது. கை ஆடியதால் படம் கலங்கியிருந்தது; காதுத் தோடு ஒரு கோடாக நீண்டிருந்தது. ஆயினும் அந்தச் சிரிப்பு அங்கே இருந்தது.

அதனைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று அக்கா தேடினாள். அவள் மடிக்கணினியில் இல்லை. கூடத்துக் கணினியிலும் இல்லை.

"அப்பா, பாட்டி சிரிச்ச படம் எங்கே?"

"கை ஆடின படம்மா அது. அந்த மாதிரி ஒரு நானூறு படத்தை எடுத்துட்டேன். என் பெட்டியிலிருந்துதானே எடுத்தேன்?"

ஒத்திசைவுக்கும் காப்புப்படிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முகங்காட்டுகிறது. காப்புப்படி ஒருவழிப் பாதை. அங்கே போனது அங்கே தங்கும். ஒத்திசைவோ இருவழிப் பாதை. சேர்ப்பதை எப்படிக் கொண்டுசெல்கிறதோ அப்படியே நீக்குவதையும் கொண்டுசெல்லும். அதன் கண்ணுக்கு இரண்டும் மாற்றமே. நீக்கிய படங்களை முப்பது நாள் வரை குப்பைத்தொட்டியில் வைத்திருக்குமாறு அமைத்திருந்தோம். ஆனால் அப்பா நீக்கி ஐம்பது நாளுக்கு மேலாகியிருந்தது.

மூன்றாவது கணினி நினைவுக்கு வந்தது. அத்தை தம் மகன் வீட்டிற்குக் கோயம்புத்தூர் சென்று மூன்று திங்களாயிற்று. முதல் நாள் இரவுதான் திரும்பியிருந்தார். அவர் கணினியைத் திறந்து அது வலைத்தொடர்பைப் பெற்றுவிட்டால், ஐம்பது நாள் செய்தியும் சேர்ந்தாற்போல் வந்திறங்கி அங்குள்ள படத்தையும் நீக்கிவிடும். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அத்தை, சிஸ்டத்தை ஆன் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் பெட்டியே பிரிக்கலடா, எதுக்குக் கேக்கற?"

"தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

விடுமுறையில் இருந்தமையால் அடுத்த பேருந்திலேயே புறப்பட்டேன். முதல் வேலையாக அத்தை வீட்டு வைஃபை பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினேன். அதன் பின்னரே கணினியைத் திறந்தேன். தொகுதி முழுதும் பழையபடி இருந்தது. பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். நானூறு படங்களையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அத்தை பின்னால் நின்று பார்த்து, "எங்கம்மா இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றார். அவர் என்னிடம் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் மைசூர் நகரத்துச் செய்தி ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. தமிழகத்துக் கோயிற் சுவர்களிலிருந்து கல்வெட்டறிஞர் எடுத்த மைப்படிகள் பல்லாயிரம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகையிலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டபோது, அவையும் உடன் வந்தன. திருப்பணி என்ற பெயரால் சில கோயில்களில் மூலக் கல் போயிற்று. தாளில் எடுத்த படி மட்டும் எஞ்சிற்று. தமிழ் மைப்படிகள் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும் என்ற வழக்கில், அவற்றைச் சென்னைக்குக் கொண்டுசெல்லுமாறு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. படி எங்கே இருக்க வேண்டும், அதன்மேல் யாருக்கு உரிமை என்ற வினா நீதிமன்றம் வரை செல்லக்கூடியது என்பதற்காக இதனைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அது சமையலறை வரை சென்றது.

வீடு திரும்பிப் படத்தைக் காட்டினேன். அக்கா கண் கலங்கினாள். அப்பா நெடுநேரம் திரையைப் பார்த்திருந்தார். பின்னர்ச் சொன்னார்:

"நானூறு படமும் கை ஆடினதுன்னுதான் எடுத்தேன். இது மட்டும் அதுக்காக இல்லம்மா. அம்மாவே கேட்டாங்க. பல்லு போன வாயோட என்னை ஊருக்குக் காட்டாதேடா, அதை எடுத்துடுன்னு. அவங்க இருக்கும்போது எடுக்க மறந்துட்டேன். இப்பத்தான் எடுத்தேன்."

கூடத்தில் எவரும் பேசவில்லை. நெடுநேரத்துக்குப்பின் அக்காதான் வாய் திறந்தாள். "பாட்டி ஊருக்குக் காட்டாதேன்னுதானே சொன்னாங்க? நமக்கும் காட்டாதேன்னா சொன்னாங்க?"

இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. படத்தில் இருப்பவர்க்கு ஓர் உரிமை. எடுத்தவர்க்கு ஓர் உரிமை. பார்த்து மகிழ்பவர்க்கும் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எந்த மென்பொருளிலும் இதற்கொரு பொத்தான் இல்லை. தனி டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் எல்லாவற்றையும் ஒருவழியாக ஏற்றி, கம்பியைக் கழற்றிப் பீரோவில் பூட்டுவது என்பது மட்டும் அன்றைக்கே தீர்மானமாயிற்று. திங்களுக்கொரு முறை புதியன சேரும், எதுவும் நீங்காது. மூன்று கணினிகளிலும் அவரவர் விருப்பப்படி நீக்கிக்கொள்ளலாம்.

அப்பா அன்றிரவு அந்தப் படத்தை மட்டும் தம் கணினியில் மீண்டும் ஏற்றவில்லை. நானும் ஏற்றவில்லை. அது பீரோவில் இருக்கிறது. திதியன்று கூடத்தில் மாலையிட்டது வாய் மூடிய படத்திற்கே. பூசை முடிந்து உறவினர் சென்றபின், அக்கா பீரோச் சாவியைக் கேட்டாள். அப்பா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.