எதுக்காவது ஆகும்

ஜனவரி 4, சனி

சமையலறை டைல்ஸில் இன்று ஏழு பால் கவர்கள். அம்மா கவரின் மூலையை நறுக்கும்போது அந்தத் துணுக்குகூடத் தனியே விழாது. ஒரு நூலிழையில் தொங்கும். பாலை ஊற்றிவிட்டு, கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் பாலிலேயே சேர்ப்பாள். பிறகு பக்கவாட்டில் வெட்டிப் பிரித்துக் கழுவி, ஈரத்தோடு சுவரில் ஒட்டுவாள். காய்ந்ததும் தானே உதிரும். நீலம் ஒரு கட்டு, பச்சை ஒரு கட்டு. நூறு சேர்ந்தால் ரப்பர் பேண்ட். அந்த ரப்பர் பேண்டுகளின் இருப்பு, கதவுத் தாழ்ப்பாளில்.

மன்னார்குடி வீட்டை விற்றுவிட்டு அவளை நங்கநல்லூர் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தபோது லாரியில் பத்தொன்பது மூட்டை. பதினொன்றை இன்னும் அவிழ்க்கவே இல்லை. போகிக்குள் பாதியையாவது கழித்துவிட வேண்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

லாஃப்டில் ஏறினேன். முதல் மூட்டை முழுக்க மஞ்சள் பைகள், எல்லாம் யார் யார் கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு வந்தவை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, அரசாங்கமே தன் வழிக்கு வந்துவிட்டதாக அம்மா பேசிக்கொண்டிருந்தாள். தடை செய்த கவர்களும் அதே மூட்டையில்தான் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய நாலணாக்கள். 2011 ஜூனோடு செல்லாமல் போனவை. அரிசி டின்னில் நான்கு பழைய ஐநூறு ரூபாய் நோட்டுகள். 2016-இல் வங்கி வரிசையில் மணிக்கணக்காக நின்றது நான்; அப்போது அம்மா வாயே திறக்கவில்லை. "பத்து நோட்டுக்கு மேல வச்சிருந்தா சட்டப்படி குத்தம்மா" என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"நாலுதானேடி இருக்கு."

ஜனவரி 8, புதன்

அலுவலகத் தோழி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டார்களாம். ஒரு பொருளைத் தூக்கிப்போட நினைத்தாலே வரும் தவிப்பு, அடைசலால் வீட்டில் புழங்கவே முடியாமல் போவது. முன்னது அம்மாவிடம் உண்டு. பின்னதற்கு இன்னும் ஏழெட்டு மூட்டை வேண்டும்.

ரேஷன் கியூவில் நின்ற தலைமுறை, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்கிறவர்களையும் நான் நம்பவில்லை. அதே வீட்டில், அதே பற்றாக்குறையில் வளர்ந்த சித்தி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சோபாவை மாற்றுகிறாள்.

ஜனவரி 10, வெள்ளி

அப்பாவின் மாத்திரைகள். அவர் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிட்டவை, எல்லாமே காலாவதி. போன மாதம் தலைசுற்றியபோது அம்மா அந்த டப்பாவைத் திறந்ததை என் பையன் பார்த்திருக்கிறான். நேற்றிரவு அவள் தூங்கியபின் கருப்புக் கவரில் கட்டிக் குப்பை வண்டிக்கு ஒதுக்கிவிட்டேன். காலையில் போய்விட்டது.

மத்தியானம் டப்பாவைத் திறந்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"வெள்ளை அட்டையில அஞ்சு மிச்சம் இருந்துச்சு" என்றாள். "அன்னிக்குக் காலையில ஒண்ணு பிச்சுக் குடுத்தேன்."

வெறும் டப்பாவைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். ராத்திரி வரை என்னோடு பேசவில்லை. செய்தது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் திருட்டுத்தனமாகச் செய்திருக்க வேண்டாம்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. கொளுத்துவதற்கு அம்மா ஒரு தேய்ந்த துடைப்பத்தைக் கொடுத்தாள், அதைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு.

பத்து மணிக்குப் பழைய பேப்பர்காரர் வந்தார். ஆச்சரியம், அவளே கூப்பிட்டாள். இரண்டு மூட்டை பேப்பர், மூன்று கட்டு பால் கவர், ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரம். தராசு முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை; கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிப் பேசினாள். நான் நிம்மதியாக உள்ளே வந்து காலியான இடத்தைப் பெருக்கினேன்.

அவள் திரும்பி வரக் கால் மணி நேரமானது. கையில் ஒரு எவர்சில்வர் மூடி. வண்டியில் கிடந்ததாம்; பேப்பர் காசில் இருபது ரூபாய் கழித்துக்கொண்டாராம். நம் தூக்குவாளிக்கு மூடி இல்லையே.

வைத்துப் பார்த்தாள். ஒரு விரற்கடை பெரிது.

"இருக்கட்டும்" என்று கழுவப் போனாள். "இதுக்குத் தக்கன ஒரு வாளி எப்பவாவது வரும்."