டயர் ஊர்க் கூட்டம்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் சுவருக்குச் சுவர் ஒரு விளம்பரம்: குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், கீழே ஒரு செல் நம்பர். அக்கா அந்தப் பொடியை வாங்கி மாமாவின் சாம்பாரில் கலந்தும் பார்த்தாள். அதற்கு முன்னால் கோயிலில் கயிறு கட்டியதும் உண்டு. கயிறு ஆடி வரைக்கும் தாங்கியது. பொடி அதுகூட இல்லை.

மாமாவுக்கு ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை. டாஸ்மாக் பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரைதான். பி ஷிஃப்ட் விட்டு வருவதற்குள் கடை மூடிவிடும். சி ஷிஃப்ட் முடிந்து வரும்போது திறந்தே இருக்காது. நேரத்தைக் குறைத்தால் குடி குறையும் என்று நம்புகிறவர்கள், இந்தப் பக்கம் வாடகை ரூம்களில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். முன்னாடியே வாங்கி வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் கடை நேரம் ஒரு பொருட்டே இல்லை.

குடியை நிறுத்த மாமா முதலில் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். ரொம்ப நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது, வலிப்பு வரைக்கும் வரலாம். அங்கிருந்து வெளியே வந்த பிறகு, மாமாவின் லைனில் முன்பு வேலை பார்த்த ஒரு சூப்பர்வைசர், "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மீட்டிங் இருக்கு, வாங்க" என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. வெளியாட்களும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் நானும் கூடப் போனேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் டீ, மாரி பிஸ்கட். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார்கள். என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன்; அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். முடிகிற நேரத்தில் ஒரு துணிப்பை கைமாறி வந்தது. ஐம்பது ரூபாய் போட்டேன். பக்கத்தில் இருந்தவர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க மெம்பர் இல்லியே சார். வெளி ஆளுங்ககிட்ட வாங்கறதில்ல."

பஸ் ஸ்டாப் நிழற்குடை, பள்ளிக்கூடக் கழிப்பறை, ஏரிக்கரை என்று எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கம்பெனி போர்டு தொங்குகிற பகுதி இது. இங்கே பணத்தை வேண்டாம் என்று சொல்கிற அமைப்பா? யார் போட்ட சட்டம் இது என்று தேடத் தொடங்கினேன்.

போய் நின்ற இடம், நம்பமாட்டீர்கள், ஒரு டயர் ஊர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து அக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் எல்லாம் அங்கேதான் வளர்ந்தன. 1935ல் பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர், டயர் செய்யும் எந்திரங்கள் தயாரிக்கிற ஒரு கம்பெனியைக் கைப்பற்றும் சண்டைக்காக அங்கே வந்தார், தோற்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மேஃப்ளவர் ஓட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் டெலிபோனும் உள்ளூர் சர்ச்சுகளின் பட்டியலும். அவர் போன் பக்கம் போனார். இன்னொரு குடிகாரரோடு பேசியாக வேண்டும், இல்லையென்றால் தானே குடித்துவிடுவோம் என்ற பயம்.

ஆள் மாற்றி ஆளாகக் கேட்டதில், குட்இயரை நிறுவிய ஃபிராங்க் சைபர்லிங்கின் மருமகள் ஹென்ரியட்டா கிடைத்தார். மே 12ஆம் தேதி அவர் வீட்டில்தான் வில்சனும் ராபர்ட் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். ஸ்மித் ஒதுக்கியது பதினைந்து நிமிடம். பேச்சு முடியும்போது ராத்திரி பதினொன்று தாண்டிவிட்டது. ஸ்மித் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

ஹென்ரியட்டா சார்ந்திருந்த ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற ஆன்மிக இயக்கம் அந்த ஊரில் வேரூன்றியதற்கும் ஒரு டயர் காரணம் உண்டு. ஹார்வி ஃபயர்ஸ்டோனின் மகன் ஒரு குடிநோயாளி. அந்த இயக்கத்தால் அவர் தேறியதைப் பார்த்து, 1933ல் அப்பாவே அவர்களை அக்ரனுக்கு அழைத்தார். ஆக, முதலாளி வீட்டுக் கவலைதான் முதல் விதை. ஆனால் முளைத்தது முதலாளியைச் சார்ந்து நிற்கவில்லை. 1938ல் ஏ.ஏ. ஆட்கள் ராக்ஃபெல்லரிடம் பெரும் தொகை எதிர்பார்த்துப் போனார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று அவர் 5,000 டாலரோடு நிறுத்திக்கொண்டார். வெளியார் நன்கொடை வேண்டாம் என்பது 1946ல் எழுதப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் ஏழாவதாக ஆனது. என் ஐம்பது ரூபாயைத் திருப்பியது அந்த ஏழாவதுதான். பணக்காரர் தராமல் போனதை ஒரு கொள்கையாகவே ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சென்னையில் இந்த நோய்க்குச் சிகிச்சை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடையாறு டி.டி.கே. மருத்துவமனை. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய அறக்கட்டளை நடத்துவது. அதுவும் ஒரு தொழிலதிபர் குடும்பத்துத் துயரம்தான்.

பணத்தைத் திருப்பித் தந்தவர் டயர் கம்பெனியில் க்யூரிங் செக்‌ஷன் ஆள். பச்சை டயரை அச்சில் வைத்து நீராவியில் வேகவைக்கிற இடம். ஷிஃப்ட் முடிந்தும் சட்டையில் ரப்பர் வாசனை போகாது என்பார். அக்ரன் கதையை அவரிடம் சொன்னேன். ஊர் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். டயர் ஊர் என்பது மட்டும் புதிது.

"அப்ப அந்தாளும் பயந்துதானே போன் பண்ணாரு? நானும் புதுசா வர்றவங்களக் காப்பாத்தவா வர்றேன்? எனக்காகத்தான் சார் வர்றேன்."

அடுத்த வாரம் மாமாவுக்கு ஷிஃப்ட் மாறுகிறது, ஞாயிறு சாயந்தரம் வர முடியாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு என்பது அவர்கள் வழக்கம் என்பதால், சி ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்காகக் காலை ஏழரைக்கு ஒரு கூட்டம் போட மாமாவும் அவரும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மினி ஹால்காரர் ஒரு மணி நேரத்துக்கு இருநூறு கேட்கிறார். நூற்றைம்பதுக்குப் படியுமா என்று மாமா பேசிக்கொண்டிருக்கிறார்.