பழைய கம்பியூட்டருக்குள் கிடந்த மூன்று நாடுகள்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் தரம் 11க்கு இலத்திரனியல் பாடம் எடுத்தோம். குறைகடத்தி, இருவாயி, திரான்சிற்றர் என்று கரும்பலகையில் கீறிக் கீறிக் காட்டினாலும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கண்ணால் பார்க்காத சாமானை எப்படி நம்புவார்கள்? பின் அறையில் பழுதாகிப் போன கம்பியூட்டர்கள் நான்கு தூசி பிடித்துக் கிடந்தன. ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, திருகாணியைக் கழற்றச் சொன்னோம். அன்றைக்கு இடைவேளை மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை.

உள்ளே இருந்த கறுப்புச் சில்லுகளில் ஏதோ பொடி எழுத்து இருந்தது. பூதக்கண்ணாடி பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒன்றில் தாய்வான். ஞாபகப் பலகையில் கொரியா. நடுவில் பெரிய உலோக மூடியோடு இருந்த இன்டெல் சில்லில் ‘மலே’.

“சேர், மலேண்டா மலாய் ஆக்களா?” என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. மலேசியா என்று சொன்னோம். அடுத்த கேள்வியைக் கேட்டவன் பின் வரிசையில் இருக்கும் பையன். அதிகம் பேசாதவன். “நம்மட நாட்டுப் பேர் போட்ட ஒண்டும் இல்லையா சேர்?”

இல்லை. ஆனால் வந்திருக்கலாம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறோம். எல்கடுவையில் இருந்துகொண்டு சில்லுக் கதை எதற்கு என்று நினைப்பவர்கள் கடைசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘மலே’. பினாங்குத் தீவு முன்பு தீர்வை இல்லாத துறைமுகம். 1969இல் அந்தச் சலுகை போனது. வியாபாரம் படுத்தது, இளைஞர்கள் வேலையில்லாமல் அலைந்தார்கள். அதே வருடம் மே 13ஆம் திகதி கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே பெரிய இனக்கலவரம். இப்படிக் கிடந்த நாட்டில்தான் பினாங்கின் முதலமைச்சர் லிம் சொங் யூ, பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில் சுதந்திர வர்த்தக வலயம் ஒன்றைத் தொடங்கி, வெளிநாட்டுக் கம்பனிகளைத் தேடி அழைத்தார். 1972இல் இன்டெல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அது கட்டிய முதல் ஆலை அதுதான். வயல் வெளியில் எழும்பிய ஆலை.

அங்கே செய்த வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. சில்லு ஒரே இடத்தில் முழுதாகச் செய்யப்படுவதில்லை. சிலிக்கன் தட்டின் மேல் நுணுக்கமான சுற்றுகளைப் பதிப்பது ஒரு வேலை. அதற்குக் கோடிக்கணக்கான டொலர் இயந்திரங்களும் தூசியே இல்லாத அறைகளும் வேண்டும். பதித்த தட்டைத் துண்டு துண்டாக வெட்டி, மெல்லிய கம்பி பொருத்தி, கூடு போட்டு மூடி, வேலை செய்கிறதா என்று சோதிப்பது இன்னொரு வேலை. அதற்கு அன்றைக்குத் தேவைப்பட்டது கூர்மையான கண்ணும் பொறுமையான விரலும். கிராமத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். இன்றைக்கு உலகத்தில் நடக்கும் இந்தப் பொதி கட்டும், சோதிக்கும் வேலையில் சுமார் 13 வீதம் மலேசியாவில்தான் நடக்கிறது.

இனி நம் கதை. 1978இல் கட்டுநாயக்காவில் நமது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. எழுத வாசிக்கத் தெரிந்த பெண்கள், குறைந்த சம்பளம், பக்கத்திலேயே விமான நிலையம். பினாங்கில் இருந்ததெல்லாம் இங்கேயும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் மோட்டோரோலா, ஹரிஸ் என்ற இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பனிகள் சில்லுப் பொருத்தும் ஆலைகளோடு இங்கே வர இணங்கின. பொருளியலாளர் பிரேமச்சந்திர அத்துக்கோரள இதைத் தம் ஆய்வுகளில் எழுதியிருக்கிறார். இப்படியான இரண்டு பேர் வந்தால் பின்னாலேயே அவர்களுக்குச் சாமான் கொடுப்பவர்கள் வருவார்கள், போட்டிக் கம்பனிகளும் வரும். பினாங்கில் அப்படித்தான் நடந்தது.

பிறகு 1983 ஜூலை வந்தது.

எங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை. உம்மும்மா சொல்லித்தான் தெரியும். தோட்டத்து லயன்களில் இருந்த சனம் இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள்ளே இறங்கிப் படுத்தது, பால்மாவுக்குக் கூட வழியில்லாமல் அழுதது, மாத்தளைப் பக்கம் புகை எழும்பியது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தேர்கள் அந்த நாட்களில் எரிந்தன. உம்மும்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார், ஏதோ இப்போதும் யாரோ வெளியே நிற்பது போல. கொழும்பில் எரிந்த கடைகளையும் ஆலைகளையும் உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த இரண்டு கம்பனிகளும் வரவில்லை. கட்டுநாயக்கா தையல் இயந்திரங்களின் ஊரானது. நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளும் அங்கே காமன்ட் வேலைக்குத்தான் போனார்கள்.

“ஒரு கலவரத்தால் மட்டும் ஒரு தொழிலே இல்லாமல் போகுமா?” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மலேசியாவிலும் கலவரம் நடந்ததே, மூன்று வருடத்தில் இன்டெல் வந்ததே! நாங்களும் இதை நிறைய யோசித்தோம். அவர்களுடைய நெருப்பு அதோடு அணைந்தது. அதை அணைக்க அவர்கள் செய்த ஏற்பாட்டில் அங்குள்ள சீனருக்கும் தமிழருக்கும் இன்றைக்கும் மனக்குறை உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் தெருவில் நெருப்பு இல்லை. நமது நெருப்பு 2009 வரை, 26 வருடம் எரிந்தது. இன்னொரு விடயம். 1975இல் பினாங்கு இன்டெல் ஆலை தீ விபத்தில் எரிந்து போனது. ஆலையே எரிந்தும் கம்பனி போகவில்லை, திரும்பக் கட்டினார்கள். இங்கே ஆலை எரியவில்லை. எரிந்தது அயல் வீடு. வர இருந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது அந்த ஞாபகப் பலகையில் இருந்த கொரியாவுக்கு வருவோம். 1960இல் தென்கொரியரின் தலா வருமானமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் நம்மை அப்போது உலகமே மெச்சியது. சம்சுங் என்ற பெயரைக் கேட்டால் நமக்குப் போன்தான் ஞாபகம் வரும். 1938இல் அது கருவாடும் நூடில்ஸும் விற்ற வியாபாரம். நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த தொழில்! அதே கம்பனி 1983 பெப்ரவரியில், இனி ஞாபகச் சில்லு செய்யப் போகிறோம் என்று அறிவித்தது. பலர் சிரித்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் 64 கிலோபிட் சில்லைச் செய்து காட்டினார்கள். அடுத்த சில வருடம் நட்டத்துக்கு மேல் நட்டம். விடவில்லை.

1983 என்பதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பெப்ரவரியில் அவர்கள் அறிவிக்கிறார்கள். ஜூலையில் நாம் எரிக்கிறோம். டிசம்பரில் அவர்கள் கையில் சில்லு இருக்கிறது.

தாய்வானின் கதை எங்களுக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு வகுப்பறைக் கதை. 1976இல் அந்த அரசாங்கம் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்து, இளம் பொறியியலாளர்களைத் தொழில் பழக அமெரிக்காவுக்கு அனுப்பியது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதைத்தான் அடிக்கோடிட வேண்டும், திரும்பி வந்தார்கள். 1987இல் மொரிஸ் சாங் என்பவர் டி.எஸ்.எம்.சி. கம்பனியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது, நம் ஊரில் ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுக்கும் வயது. மற்றவர்கள் வரைந்து கொடுக்கும் சில்லைச் செய்து கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை, சொந்தப் பெயரில் விற்க மாட்டோம் என்றார். துணி கொடுத்தால் தைத்துத் தரும் தையற்கடை மாதிரி. இன்றைக்கு உலகத்தின் அதி நுட்பமான சில்லுகளில் பத்துக்கு ஒன்பது அந்தத் தீவில் செய்யப்படுகின்றன. இலங்கையைவிடச் சின்னத் தீவு. அமெரிக்காவும் சீனாவும் அதைப் பார்த்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பது இதனால்தான். 2022இல் அமெரிக்கா உயர்ந்த ரகச் சில்லுகளையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு விற்கத் தடை போட்டது. அதே வருடம் தன் நாட்டில் ஆலை கட்ட 50 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கியது.

அந்த நாடுகள் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கொரியாவிலும் தாய்வானிலும் அந்தக் காலத்தில் சர்வாதிகார ஆட்சி. சம்சுங் ஆலையில் வேலை செய்த இளம் பெண்கள் இரத்தப் புற்றுநோயில் இறந்தார்கள். குடும்பங்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகுதான் கம்பனி மன்னிப்புக் கேட்டது. 80களில் ஞாபகச் சில்லில் உலகத்தையே ஆண்ட ஜப்பான் இன்றைக்கு அந்த இடத்தில் இல்லை. பிடித்த இடம் நிலைக்கும் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை, நம் மாவட்டத்திலேயே நாவுலப் பக்கம் குவார்ட்ஸ் கல் இருக்கிறதே, அதிலிருந்துதானே சிலிக்கன் எடுக்கிறார்கள் என்று கேட்டாள். உண்மை. சுத்தமான வெள்ளைக் கல், ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் சில்லின் விலையில் கல்லின் பங்கு சோற்றில் உப்பின் பங்கு கூட இல்லை. தாய்வான் கல்லை வைத்து வளரவில்லை. “மண் நம்மட, மூளை அவன்ட” என்று மேடையில் கை தட்டு வாங்கும் பேச்சுகளைக் கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மூளையை யாரும் களவாடவில்லை. நாம்தான் சாதாரண தரத்தோடு கணிதக் கொப்பியை மூடி வைக்கிறோம்.

அந்தப் பின் வரிசைப் பையனின் வாப்பா போன கிழமை பாடசாலைக்கு வந்தார். மகனை உயர்தரத்துக்கு விடப் போவதில்லை, கொரிய மொழி வகுப்புக்குப் போடப் போகிறார். “பரீட்சை பாஸாகினா பீரோவால அனுப்புறாங்க சேர். ரெண்டு மூணு வருசத்தில ஊட்டக் கட்டலாம். உயர்தரம் படிச்சா என்ன கெடைக்கும்?” என்றார். அவரைப் பிழை சொல்ல முடியவில்லை. 2022இல் காஸ் வரிசையில் நின்ற மனிதர். எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை. பையன் படிக்க வேண்டுமென்றால் தினமும் மாத்தளைக்கு பஸ் ஏற வேண்டும். டியூஷன் காசு வேறு. பௌதிகவியலைத் தமிழில் படிப்பிக்க ஆள் தேடுவது தனிப் பாடு.

1960இல் நம்மோடு ஒரே படியில் நின்ற நாட்டுக்குக் கூலிக்குப் போக, நம் பையன் அந்த நாட்டு அரிச்சுவடி படிக்கப் போகிறான். வாப்பாவுக்கு முன்னால் இதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சொன்னது வேறு. சில்லு ஆலை இனி நமக்கு வராது என்றே வைத்துக்கொள்வோம், அது பெரிய பணக்காரரின் விளையாட்டு. ஆனால் சில்லை வரைவது வேறு தொழில். அதற்கு ஆலை வேண்டாம், கம்பியூட்டரும் கணிதமும் போதும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்த பிள்ளைகள் கொழும்பிலேயே உட்கார்ந்து, சினொப்சிஸ் போன்ற அமெரிக்கக் கம்பனிகளுக்கு அந்த வேலையைச் செய்கிறார்கள். அந்தக் கதிரைக்கு எல்கடுவையிலிருந்தும் ஒருவர் போகலாம். வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். “யோசிச்சுச் சொல்றன் சேர்” என்று எழும்பினார்.

வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “படிச்சு வந்தாலும், திரும்பத் திகன மாதிரி ஒண்டு நடந்தா?”

திகன நமக்குத் தூரமில்லை, மலைக்கு அந்தப் பக்கம். 2018 மார்ச்சில் அங்கே நம் கடைகளும் பள்ளிகளும் எரிந்தபோது கண்டி மாவட்டப் பாடசாலைகள் மூடப்பட்டன. பேஸ்புக்கையும் முடக்கினார்கள், இதே பேஸ்புக்கைத்தான். எரிந்த கடைகளை எண்ணினார்கள், நட்டஈடு பற்றிப் பேசினார்கள். அந்த மாதம் இந்த நாட்டுக்கு வர யோசித்து, வேண்டாம் என்று கோப்பை மூடிய கம்பனிகளை யார் எண்ணினார்கள்? 83இல் எரிந்தது நம்முடையது இல்லை என்று ஊரில் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கட்டுநாயக்காவுக்கு வராமல் போன ஆலையில் நம் உம்மாமாருக்கும் ஒரு கதிரை இருந்திருக்கும். அதை எந்த இனத்தின் கணக்கில் எழுதுவது?

வாப்பாவுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. இப்போதும் எங்களிடம் பதில் இல்லை.

கையில் இருப்பதைச் செய்கிறோம். வருகிற சனிக்கிழமை முதல், காலை 9 மணிக்கு, தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு வைக்கிறோம், காசு இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறோம். தமிழில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிப்பிக்கக் கூடியவர் யாராவது மாத்தளை, உக்குவளைப் பக்கம் இருந்தால் அறிவியுங்கள். பஸ் காசைப் பள்ளி நிர்வாகத்தில் பேசிப் பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் பழுதான கம்பியூட்டரோ போனோ இருந்தால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாடசாலைக்கு அனுப்புங்கள். எங்களிடம் இப்போது இரண்டு திருகாணிச் சாவியும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கின்றன. பின் வரிசைப் பையன் இன்னும் மூன்று கம்பியூட்டர் மீதி இருப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறான்.