பழவேற்காட்டில் ஒரு பகல்

“எந்த ஊர்?” என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாதவர் நம் சங்கத்தில் பலர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். என் தந்தையார் பிழைப்பு நாடி ஆம்பூரை விட்டுச் சித்தூருக்கு வந்து, மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கரானார். நான் திருப்பதியில் வேதியியல் முதுகலை பயில்கிறேன். இங்கே என்னை ‘அரவவாடு’ என்பார்கள். ஆம்பூர் சென்றால் அத்தை பிள்ளைகள் ‘ஆந்திராக்காரன்’ என்பார்கள். இரு கரையும் சேராத ஓடம் என்று என்னை நானே நொந்துகொண்டதுண்டு.

அந்த நினைவோடுதான் சென்ற சங்கராந்தி விடுமுறையில் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டேன். செங்குன்றத்திலும் பொன்னேரியிலும் பேருந்து மாறி, நண்பகலில் போய் இறங்கினேன். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், ஊரோ தமிழ்நாட்டில். எனக்கேற்ற இடந்தான் என்று சிரித்துக்கொண்டேன்!

ஒரு காலத்தில் உலகறிந்த துறைமுகம் அது. நமக்கு அண்மையிலுள்ள சந்திரகிரியிலும் பின்னர் வேலூரிலும் இருந்து ஆண்ட வேங்கடபதி ராயர், 1610-இல் ஒல்லாந்தர் அங்கே வாணிகம் செய்ய இசைவளித்தார். 1613-இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த வண்ணத் துணிகள் ஜாவாவுக்கும் மொலுக்காத் தீவுகளுக்கும் சென்றன. அவற்றுக்கு ஈடாகக் கிராம்பும் சாதிக்காயும் கிடைத்தன. வேதியியல் மாணவன் அறிந்து வியந்த செய்தி ஒன்று: வெடிமருந்தும் அங்கே செய்தார்களாம். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றேன். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே பெயரும் இறந்த நாளும் குலச்சின்னமும் பொறித்த பெருங்கற்கள். நிழலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை, ஆயிரக்கணக்கில் இந்தத் துறையிலிருந்துதானே அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள்? அவர்களுக்கு ஏதேனும் கல் உண்டா?”

“அவங்களுக்கு ஏது தம்பி கல்லு? பேரே தெரியாதே!” என்றார்.

வெயில் சுட்டது, நான் அசையாமல் நின்றேன். துணி விற்றவனுக்குக் கல் இருக்கிறது. விற்கப்பட்டவனுக்குப் பெயர்கூட இல்லை. அவன் புறப்பட்ட ஊர் எது, அவனுக்காகக் கரையில் காத்திருந்தவள் யார் — ஒன்றும் எஞ்சவில்லை.

என் தந்தையார் ஆம்பூரை விட்டபோது கொண்டுவந்த தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் மூடியில் வெள்ளை வண்ணத்தில் தம் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தார். இன்றும் அது எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் தாமே விரும்பிப் புறப்பட்டார்; நினைத்தபோது திரும்பிச் சென்றார். அந்தக் கப்பலேறியோருக்கு இவற்றுள் எது வாய்த்தது?

மாலைப் பேருந்தில் திரும்பினேன். பக்கத்து இருக்கைக்காரர் தெலுங்கில், “ஏ ஊரு பாபு?” என்று கேட்டார்.

ஆம்பூர், சித்தூர் இரண்டையும் சொன்னேன். சொல்வதற்கு எனக்கு இரண்டு ஊர்கள் இருக்கின்றன, நண்பர்களே!